கப்பலுக்கும் கம்பனிக்கும் நடுவே: வ.உ.சிதம்பரம்பிள்ளையின் கதை

முன்னேஸ்வரம் கோயிலில் இருந்து மேற்கே போய், சிலாபம் பட்டினத்தைத் தாண்டினால் கடல் வந்துவிடும். அது மன்னார் வளைகுடாவின் கிழக்குக் கரை. எதிர்க்கரையில் வடமேற்காகத் தூத்துக்குடி. 1906ஆம் ஆண்டு இந்தக் கடலை நம்பி இரண்டு கம்பனிகள் தொழிலில் இறங்கின. இரண்டுமே வரையறுத்த பொறுப்புக் கம்பனிகள், அதாவது பெயருக்குப் பின்னால் 'லிமிட்டெட்' என்று போட்டுக்கொள்பவை.

முதலாவது, இலங்கை முத்துக்குளிப்புக் கம்பனி. வெள்ளையர் முதலில் உருவானது. வளைகுடாவின் முத்துப் படுகைகளை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகளுக்குக் குத்தகையாக அரசாங்கம் அதன் கையில் கொடுத்தது. பரம்பரை பரம்பரையாக இரு கரைச் சுழியோடிகளும் இறங்கிய கடல், ஒரு பத்திரத்தின் மூலம் ஒரு கம்பனியின் குத்தகை நிலமானது. இரண்டாவது, தூத்துக்குடியில் 1906 ஒக்டோபர் 16ஆம் திகதி பதிவான சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பனி. அதைத் தொடங்கியவர் கப்பலோட்டிய தமிழன் என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்த வ.உ.சிதம்பரம்பிள்ளை.

அவரைப் பற்றிப் பேசும்போது செக்கைப் பற்றிப் பேசுவோம், சிறையைப் பற்றிப் பேசுவோம். அவர் உருவாக்கிய கம்பனியைக் கம்பனியாகவே பார்ப்பது குறைவு. சிவாஜி கணேசன் நடித்த 1961ஆம் ஆண்டுத் திரைப்படத்தால் கப்பல் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்தக் கப்பலைச் சாத்தியமாக்கியது 25 ரூபாய்ப் பங்குப் பத்திரம். அதைக் கொண்டு அவர் எதைச் சாதிக்க நினைத்தார், சட்டம் அவருக்கு எதைக் கொடுத்தது, எந்த இடத்தில் கைவிட்டது என்பதெல்லாம் இன்று வடக்கிலும் கிழக்கிலும் நாலு பேர் சேர்ந்து ஒரு தொழிலைத் தொடங்க யோசிக்கிறவர்களுக்கும் உரிய விஷயம்.

சிதம்பரம்பிள்ளை 1872 செப்டெம்பர் 5ஆம் திகதி திருநெல்வேலிச் சீமையில் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தகப்பனார் உலகநாதபிள்ளை வக்கீல், தாயார் பரமாயி அம்மாள். மகனும் சட்டப் பரீட்சை எழுதித் தேறி, 1895இல் சொந்த ஊரிலேயே வக்கீல் தொழிலைத் தொடங்கினார். ஏழைகளின் வழக்கை எடுத்துப் பொலிசாரோடு மோதுகிறவர் என்ற பெயர் சீக்கிரமே வந்தது. 1900இல் தூத்துக்குடிக்கு இடம்பெயர்ந்தார். அங்கேதான் அவர் கடலையும் கடல் வணிகத்தையும் நெருங்கிப் பார்த்தார்.

அப்போது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சாமானும் சனமும் போகும் வழி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பனியின் கையில் இருந்தது. 1856இல் கல்கத்தாவை மையமாக வைத்துத் தொடங்கிய கம்பனி அது. அரசாங்கத் தபாலை ஏற்றும் ஒப்பந்தங்களைப் பிடித்து, இந்து சமுத்திரம் முழுவதும் வலை விரித்திருந்தது. தூத்துக்குடியில் அதன் முகவர் ஹார்வி கம்பனி. அதே ஹார்வி கம்பனியின் கையில்தான் ஊரின் பெரிய பஞ்சாலையான கோரல் மில்லும் இருந்தது. கப்பலும் ஆலையும் ஒரே மேசையில் இருந்து நடந்தன என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அந்தக் கப்பல்களில் யார் போனார்கள்? வியாபாரிகள் போனார்கள். அரிசியும் துணியும் கருவாடும் போயின. எல்லாவற்றையும் விட அதிகமாக, மலையகத் தோட்டங்களுக்குக் கண்காணிகள் கூட்டிக்கொண்டு வந்த சனம் போனது. கப்பல் கூலி கண்காணியின் முற்பணத்தில் சேரும். அந்த முற்பணம் தோட்டக் கணக்கில் கடனாக ஏறும். ஒரு தோட்டத்தில் இருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறினால் கடன் எழுதிய துண்டும் கூடவே போகும். அந்தத் துண்டோடு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் பிறகு கலவரங்களுக்குப் பயந்து வன்னிக்குப் போய், அங்கே போருக்குள்ளும் அகப்பட்டார்கள். ஆகவே தூத்துக்குடி கொழும்புக் கப்பல் கூலி எங்கோ நடந்த அயலார் கணக்கு என்று எமக்குச் சொல்லிவிட முடியாது.

வங்காளப் பிரிவினைக்கு எதிராக 1905இல் எழுந்த சுதேசி இயக்கம் தெற்கே வந்தபோது சிதம்பரம்பிள்ளை அதில் முழுதாக இறங்கினார். அந்நியத் துணியைப் பகிஷ்கரிப்பதோடு அவர் நிற்கவில்லை. சுதேசிப் பண்டகசாலை, நெசவுச்சாலை என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கிப் பார்த்தார். பிறகு கப்பல்.

கப்பல் வாங்கத் தனி ஒரு பணக்காரனைத் தேடியிருக்கலாம். அவர் தேடவில்லை. 1882ஆம் ஆண்டின் இந்தியக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் ஒரு கம்பனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கிய பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 இலட்சம் ரூபாய் கொடுத்து 8,000 பங்குகளை எடுத்தார், அதாவது முழுக் கம்பனியில் ஐந்தில் ஒன்று. சேலம் விஜயராகவாச்சாரியார் சட்ட ஆலோசகர்களில் ஒருவர். சிதம்பரம்பிள்ளை ஏற்றுக்கொண்டது உதவிச் செயலாளர் பதவி. பங்குகளை இந்தியர், இலங்கையர் உள்ளிட்ட ஆசியர் மட்டுமே வாங்கலாம் என்று கம்பனி வரையறுத்திருந்தது. கொழும்பு வியாபாரியும் சிலாபத்து வியாபாரியும் கூடப் பங்காளியாகலாம் என்பதே இதன் அர்த்தம்.

இங்கே கொஞ்சம் சட்டத்துக்குள் போக வேண்டும்.

பழைய கூட்டு வியாபாரத்தில் பங்காளிகள் எல்லோரும் கடனுக்கு முழுப் பொறுப்பு. வியாபாரம் நொடித்தால் கடன்காரன் பங்காளியின் வீட்டையும் வயலையும் பெண்சாதியின் தாலிக்கொடியையும் வரை தொடலாம். இதனால் தெரியாத ஆளோடு பணம் போட எவரும் பயப்படுவார்கள். தெரிந்த ஆளோடும் பயம்தான். இங்கிலாந்து 1855இல் இதை மாற்றியது. கம்பனி நொடித்தால் பங்குதாரர் தான் போட்ட பணத்தையும், பங்கில் கட்டாமல் மிச்சம் வைத்த தொகையையும் மட்டுமே இழப்பார், அதற்கு மேல் யாரும் அவரைத் தேடி வர முடியாது. இந்தியாவுக்கு இந்த வரையறுத்த பொறுப்பு 1857இல் வந்தது. இலங்கைக்கு 1861ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கூட்டுப் பங்குக் கம்பனிகள் கட்டளைச் சட்டத்தோடு வந்தது. அது எமது நாட்டில் யாருக்கு முதலில் பயன்பட்டது என்று ஊகிக்கச் சிரமம் இல்லை. தோட்டங்களைக் கம்பனிகளாக மாற்றி, இலண்டனிலும் கொழும்பிலும் பங்கு விற்றவர்களுக்குத்தான்.

இன்னொரு கருத்தும் இதோடு சேர்ந்தது. கம்பனி என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு தனி ஆள். அதைத் தொடங்கியவர் வேறு, அது வேறு. இலண்டனில் சப்பாத்து வியாபாரம் செய்த சலமன் என்பவரின் வழக்கில் பிரபுக்கள் சபை 1896இல் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. ஏறக்குறைய எல்லாப் பங்குகளும் அவர் கையில் இருந்தபோதும், கம்பனியின் கடன் அவருடைய கடன் ஆகாது என்பது தீர்ப்பு.

இது வெள்ளைக்காரச் சட்டத்தின் வினோதம் போலத் தோன்றலாம். முன்னேஸ்வரத்தைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு அப்படித் தோன்ற வேண்டியதில்லை. கோட்டை இராச்சியத்தின் ஆறாம் பராக்கிரமபாகு இந்தக் கோயிலுக்கு நிலம் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு கோயிலிலேயே இருக்கிறது. போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் 18ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டுவித்தான். கொடுத்த அரசன் போனான், பூசை செய்த குருக்கள்மார் தலைமுறை தலைமுறையாக மாறினார்கள். ஆனால் ஈசனுக்கு என்று கொடுத்தது ஈசனுக்கு உரியது என்ற எண்ணம் அறுந்துபோகவில்லை. இரத்தமும் சதையும் இல்லாத ஓர் உரிமையாளரை எமது ஆட்கள் நூற்றாண்டுகளாக அறிவார்கள். இந்தியாவில் கோயில் விக்கிரகத்தைச் சட்ட ஆளாகவே நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன. இலங்கைச் சட்டம் வேறு வழியில் போய், கோயில்களை நம்பிக்கைப் பொறுப்புகளாகப் பார்க்கிறது. சைவ நூல்களில் ஊறிய, தொழிலால் வக்கீலான சிதம்பரம்பிள்ளைக்குச் சட்ட ஆள் என்ற கருத்து அந்நியமாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆகவே 25 ரூபாய்ப் பங்கின் விசேஷம் தேசபக்தியில் மட்டும் இல்லை. ஒரு சிறு வியாபாரி 25 ரூபாயை இழக்கத் துணியலாம், வீட்டை இழக்கத் துணியமாட்டார். சாம்ராச்சியத்தின் வணிகர்கள் தமக்காகச் செய்துகொண்ட சட்டத்தை எடுத்து, அதே சாம்ராச்சியத்தின் கப்பல் கம்பனிக்கு எதிராக ஒரு வட்டார வக்கீல் திருப்பினார். துப்பாக்கி இல்லாமல், மனுப் போடாமல், கம்பனிப் பதிவாளரின் முத்திரையோடு.

முதலில் கம்பனியிடம் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயின் ஷா லைன் கம்பனியிடம் கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பிரிட்டிஷ் இந்தியா கம்பனி நெருக்கியதும் ஷா லைன் பின்வாங்கியது. சிதம்பரம்பிள்ளை கொழும்பில் இருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்துச் சேவையை நிற்கவிடாமல் ஓட்டினார். பிறகு சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய்க்குப் போனார். கப்பலோடுதான் திரும்புவேன், இல்லாவிட்டால் கடலில் விழுந்து உயிரை விடுவேன் என்று சபதம் செய்து போனதாகச் சொல்வார்கள். 1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடித் துறைக்கு வந்தன. கரையில் கூடிய சனத்துக்கு அது திருவிழா.

பிரிட்டிஷ் இந்தியா கம்பனி கட்டணத்தைக் குறைத்தது. ஒரு பயணத்துக்கு ஒரு ரூபாய் என்றது. சுதேசிக் கம்பனி அரை ரூபாய் என்றது. உடனே இலவசப் பயணம் என்றும், ஏறுகிறவர்களுக்குக் குடையும் தருகிறோம் என்றும் பெரிய கம்பனி இறங்கியதாகச் சொல்லப்படுகிறது. கடல் முழுவதும் வழித்தடங்கள் வைத்திருந்த கம்பனிக்கு ஒரு வழியில் நட்டப்படுவது தாங்கக்கூடியது. ஒரே ஒரு வழியை மட்டும் வைத்திருந்த கம்பனிக்கு ஒவ்வொரு நாளும் மூலதனம் கரைந்தது.

இதற்கு எதிராக நீதிமன்றம் போக முடியாதா? வக்கீலான அவருக்கு விடை தெரிந்திருக்கும். சீனத் தேயிலை ஏற்றும் வழியில், மோகல் என்ற கப்பல் கம்பனியை ஒதுக்குவதற்காகப் பெரிய கம்பனிகள் கூட்டுச் சேர்ந்து கூலியை நட்டத்துக்குக் குறைத்தன. தங்களோடு மட்டும் சாமான் ஏற்றுகிற வியாபாரிகளுக்குக் கழிவும் கொடுத்தன. மோகல் கம்பனி வழக்குப் போட்டு, கீழ் மன்றங்களில் தோற்று, 1891இல் பிரபுக்கள் சபையிலும் தோற்றது. பொய், மிரட்டல், வன்முறை எதுவும் இல்லாமல் வியாபார இலாபத்துக்காகச் செய்வது எவ்வளவு கடுமையாக இருந்தாலும் சட்டவிரோதம் ஆகாது என்பது சாரம். அதாவது சட்டத்தின் கண்ணில் இரண்டு கம்பனிகளும் சமமான இரண்டு ஆட்கள். ஓர் ஆளுக்கு இரண்டு கப்பல், மற்ற ஆளுக்குப் பெரும் கப்பற்படை என்பது சட்டத்தின் கவலை இல்லை.

இன்று நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. இந்தியாவின் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம், சந்தையில் ஆதிக்கம் வைத்திருக்கும் நிறுவனம் எதிரியை ஒழிக்க அடக்க விலைக்குக் கீழே விற்பதை ஆதிக்கத் துஷ்பிரயோகமாகச் சொல்கிறது. இலங்கையில் போட்டிக்கு எதிரான நடைமுறைகளைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தொடுகிறது, ஆனால் அந்த அதிகாரசபையை நாம் அரிசி விலையோடும் சீனி விலையோடும்தான் அறிவோம். சின்னக் கம்பனி ஒன்று பெரிய கம்பனியின் விலை வெட்டுக்கு எதிராக அங்கே போய் நின்றால் என்ன நடக்கும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

விலைப் போரில் கம்பனி திணறிக்கொண்டிருந்த 1908 பெப்ரவரி 27இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. சம்பளம், வேலை நேரம், விடுமுறை பற்றிய கோரிக்கைகள். சிதம்பரம்பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். ஹார்வி கம்பனி சில நாட்களிலேயே இறங்கி வந்தது. கப்பலிலும் ஆலையிலும் ஒரே ஆள் குறுக்கே நிற்பதைத் தூத்துக்குடி வெள்ளையர் அதற்கு மேல் பொறுக்கத் தயாராக இல்லை. விபின் சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாடும் கூட்டங்களை மாவட்ட நிர்வாகம் தடுத்தது. மார்ச் 12ஆம் திகதி இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. அரச கட்டடங்கள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள்.

அரச நிந்தனை வழக்கு நடந்தது. 1908 ஜூலை 7ஆம் திகதி நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை, அதாவது 40 ஆண்டுத் தீவாந்தரம் விதித்தார். பேச்சுக்கு ஒரு ஆயுள், சிவாவுக்குத் துணை நின்றதற்கு ஒரு ஆயுள். மேன்முறையீட்டில் தண்டனை குறைந்து ஆறு ஆண்டுகளில் வந்து நின்றது. அப்போது அவருக்கு வயது 36. பேச்சுக்குத் தண்டனை கொடுக்கும் சட்டங்களோடு வாழ்ந்த எமக்கு இந்த இடத்தை விளக்கத் தேவையில்லை. கோயம்புத்தூர்ச் சிறையிலும் பிறகு கண்ணனூர்ச் சிறையிலும் இருந்தார். மாடு இழுக்க வேண்டிய செக்கைக் கோவையில் இழுத்தார்.

சட்டப்படி பார்த்தால் இதனால் கம்பனிக்கு எதுவும் நடந்திருக்கக் கூடாது. குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டது சிதம்பரம்பிள்ளை என்ற மனிதர். கம்பனி என்ற ஆள் மீது வழக்கில்லை. பணிப்பாளர்கள் இருந்தார்கள், கப்பல்கள் இருந்தன, பதிவு இருந்தது. சலமன் வழக்கின் தத்துவம் அப்படியே நின்றது.

ஆனால் பங்கு வாங்கியவர்கள் கம்பனி என்ற சட்ட ஆளை நம்பி வாங்கவில்லை, சிதம்பரம்பிள்ளையை நம்பி வாங்கினார்கள். அவருடைய பேச்சைக் கேட்டுப் பணம் கொடுத்தார்கள், அவருக்காக அந்தக் கப்பலில் ஏறினார்கள். அவர் உள்ளே போனதும் கம்பனியோடு தொடர்பு இருந்தால் பொலிஸ் வீட்டுக்கு வருமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. கட்டணப் போரில் இளைத்துப்போன கம்பனியை அரசியல் நெருப்புக்குள் நடத்தப் பணிப்பாளர்களுக்குத் தெம்பு இல்லை. அவர்களைக் கோழைகள் என்று திட்டுவது சுலபம். பலர் திட்டியிருக்கிறார்கள். 25 ரூபாய்க்காரர்களின் பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அவர்கள் இருந்தார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். கம்பனி 1911இல் கலைப்புக்குப் போனது. அதே ஆண்டு ஜூன் 17இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன், தூத்துக்குடியில் சிதம்பரம்பிள்ளைக்கு எதிராக நின்ற அதிகாரி ஆஷைச் சுட்டுக் கொன்று தானும் சுட்டுக்கொண்டு செத்தார்.

கலைப்பு என்பது ஒரு கம்பனியின் மரணச் சடங்கு. சொத்து விற்கப்படும். முதலில் கடன்காரருக்குக் கொடுபடும். மிஞ்சினால்தான் பங்குதாரருக்கு. கப்பல்கள் ஏலத்தில் போட்டியாளர் பக்கத்துக்கே போயின என்பது தமிழ்நாட்டில் இன்றுவரை ஆறாத கோபம். ஆனால் ஒரு விஷயத்தில் சட்டம் வாக்குத் தவறவில்லை. கம்பனி நொடித்ததற்காகச் சிறு பங்குதாரரின் வீடு ஏலத்துக்குப் போகவில்லை. அவர்களுடைய நட்டம் பங்கோடு நின்றது.

இந்தக் கரையில் இருந்த மற்றக் கம்பனியின் முடிவையும் சொல்லிவிடலாம். முத்துக்குளிப்புக் கம்பனிக்கும் கடல் ஒத்துழைக்கவில்லை. 1907க்குப் பிறகு முத்துச்சிப்பி கிடைக்கவில்லை. 20 ஆண்டுக் குத்தகை பாதி வழி கூடப் போகாமல் அதுவும் கலைந்தது. வரையறுத்த பொறுப்பு அதன் பங்குதாரரையும் காப்பாற்றியது. சுழியோடிகளுக்கும் சம்மாட்டிகளுக்கும் படகோட்டிகளுக்கும் அப்படி ஒரு காப்பு எழுதப்பட்டிருக்கவில்லை.

இந்த இடத்தில் எமது காலத்துக்கு வராமல் இருக்க முடியவில்லை. போருக்குப் பிறகு வடக்கு கிழக்கில் 'கம்பனி' என்ற சொல்லுக்கு ஒரு தனி அர்த்தம் உண்டு. கிழமைக்கு ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்து நுண்கடன் அறவிடும் ஆளைத்தான் சனம் கம்பனிக்காரன் என்கிறது. அந்தக் கம்பனியின் பங்குதாரருடைய பொறுப்பு வரையறுக்கப்பட்டது. கடன் எடுத்த பெண்ணின் பொறுப்புக்கு வரை இல்லை. குழுக் கடன் என்றால் பக்கத்து வீட்டுக்காரி கட்டாததையும் அவள் கட்ட வேண்டும். சிதம்பரம்பிள்ளை 1906இல் எந்தப் பாதுகாப்பை 25 ரூபாய்க்காரருக்கு வாங்கிக் கொடுத்தாரோ, அது இன்று கடன் கொடுக்கிறவரின் பக்கத்தில் மட்டும் நிற்கிறது.

மற்றது, தொழில் முழுவதும் ஒரே ஆளின் பெயரில் இருக்கும் வழக்கம். கடை அவர் பெயரில், வான் அவர் பெயரில், வள்ளம் அவர் பெயரில், வங்கிக் கணக்கும் அவர் பெயரில். அந்த ஆள் பிடிபட்டாலோ காணாமல் போனாலோ எல்லாம் அப்படியே உறைந்துவிடும். மரணச் சான்றிதழ் இல்லாமல் மனைவியால் கணக்கைத் தொட முடியாது. அவர் செத்துவிட்டார் என்று கையெழுத்து வைக்க மனமும் வராது. இதற்காகவே 2010இல் ஒரு தற்காலிக ஏற்பாட்டுச் சட்டம் வந்தது. காணாமற்போனோரின் குடும்பத்துக்கு மரணச் சான்றிதழை மட்டுமே அது நீட்டியது. 2016இல் அதைத் திருத்தி, இறந்ததாகச் சொல்லாமல் காணாமற்போனதாக மட்டும் சான்றிதழ் பெறும் வழியைத் திறந்தார்கள். அந்த ஆறு ஆண்டு இடைவெளியில் எத்தனை கடைக் கதவுகள் துருப்பிடித்தன என்பதை எமது ஊர்களில் யாரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

கம்பனி என்ற சட்ட ஆள் இதற்காகத்தான் பிறந்தது. ஒரு பணிப்பாளர் இல்லாமல் போனாலும் மற்றவர் கையெழுத்திடலாம். பங்கு ஒரு சொத்து, அது வாரிசுக்குப் போகும். சிதம்பரம்பிள்ளையின் காலத்தில் கம்பனி ஒன்றைத் தொடங்க ஏழு பேர் வேண்டும். இலங்கையில் இப்போது நடைமுறையில் இருக்கும் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் ஒருவரே போதும். நட்டம் மூடி மறைக்கப்படாமல் இருக்கவும் அந்தச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. கம்பனியின் நிகரச் சொத்து மூலதனத்தின் பாதிக்குக் கீழே இறங்குவது தெரிந்தால், பணிப்பாளர் சபை பங்குதாரரைக் கூட்டி உள்ளதைச் சொல்ல வேண்டும். தூத்துக்குடியில் 1908இல் அப்படி ஒரு கூட்டம் சட்டப்படி கட்டாயமாக இருந்திருந்தால் சிறு பங்குதாரர்கள் கப்பலை விடாமல் பிடித்திருப்பார்களா, முன்கூட்டியே ஓடியிருப்பார்களா? இரண்டும் நடந்திருக்கலாம்.

ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. தனியே பதிவு செய்து, பத்திரத்தை அலுமாரியில் வைத்துவிட்டால் கம்பனி தனி ஆளாகிவிடாது. ஆண்டறிக்கை கொடுக்காமல் விட்டால் பதிவாளர் பெயரையே வெட்டிவிடலாம். அதைவிட, இன்னொருவருக்குக் கணக்குப் புத்தகம் தெரிந்திருக்க வேண்டும், இன்னொருவர் வாடிக்கையாளரை அறிந்திருக்க வேண்டும். சுதேசிக் கம்பனியில் அந்த இன்னொருவர் உருவாகச் சட்டம் தடையாக இருக்கவில்லை. ஒன்றரை ஆண்டு அவகாசம்தான் போதவில்லை.

சிதம்பரம்பிள்ளை 1912 டிசம்பரில் விடுதலையானார். கம்பனி இல்லை. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னைக்குப் போய் கடை வைத்துப் பார்த்தார், சரிவரவில்லை. தொழிற்சங்கங்களில் வேலை செய்தார். தென்னாபிரிக்கத் தமிழர்கள் அவருக்காகச் சேர்த்த பணம் காந்தியின் வழியாகக் கைக்கு வருவதற்குள் பல கடிதங்கள் எழுத வேண்டியிருந்தது. வறுமைக்கு நடுவிலும் படிப்பை விடவில்லை. திருக்குறளுக்கு மணக்குடவர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையில் உழைத்தார். ஜேம்ஸ் அலனின் நூல்களைத் தமிழாக்கினார். பின்னர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. நன்றி மறக்காமல் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். தன்னை நாற்பது ஆண்டு தீவாந்தரத்துக்கு அனுப்பப் பார்த்த நீதித்துறையைச் சேர்ந்த ஒருவரின் பெயர் அது. இதற்கு யாரும் விளக்கம் எழுதத் தேவையில்லை, அவர் அப்படிப்பட்ட மனிதர்.

கோவில்பட்டியில் கொஞ்சக் காலம் தொழில் பார்த்துவிட்டு, 1932இல் தூத்துக்குடிக்கே திரும்பினார். அதற்குள் இலங்கைக்குப் போகும் வழியே மாறியிருந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் வந்தபின் சனம் ரயிலோடு சேர்ந்த அந்தக் குறுகிய வழியைப் பிடித்துக்கொண்டது.

அவர் 1936 நவம்பர் 18ஆம் திகதி தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் காலமானார். சாவதற்கு முன் உயில் எழுதுவித்திருந்தார். துணிக்கடைக்கு, எண்ணெய்க் கடைக்கு, கைமாற்றுக் கொடுத்தவர்களுக்கு என்று கொடுக்க வேண்டிய சில்லறைக் கடன்கள் அதில் ஒவ்வொன்றாகக் குறிக்கப்பட்டிருந்தன. அவை கம்பனியின் கடன்கள் அல்ல. வரையறை எதுவும் இல்லாத, வ.உ.சிதம்பரம்பிள்ளை என்ற தனி மனிதரின் கடன்கள்.